‘டை ஊசி’யும் மருந்தே
(அறக்கட்டளை விழாவின் உடல்நலக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழாசிரியனாக 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இலக்கியம் பற்றி ஏதேனும் உரைப்பேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் சி.டி. ஸ்கேன் எடுக்கும்போது நரம்பில் செலுத்தப்பெறும் அயோடின் மருந்து. மக்கள் வழக்கில் அதனை ‘டை ஊசி’ என்பர். நான் மருத்துவன் அல்லேன். என் இல்லத்தில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி இதனை எனக்குக் கற்பித்தது. அதன்பின் மருத்துவர்களை வினவியும் நூல்களைப் பயின்றும் தெளிந்தவற்றை உங்கள்முன் வைக்கிறேன். நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் துணைவியார்க்கு அடிவயிற்றில் ஓயாத வலி. மருத்துவர் வயிற்றுப் பகுதிக்கு டை ஊசியுடன் சி.டி. ஸ்கேன் எடுத்துவரப் பணித்தார். முந்தைய நாள் சதுர்த்தசி. அவர் நீரும் அருந்தாமல் நோன்பிருந்தார். மறுநாள் காலை, “ஸ்கேனுக்கு வெறும் வயிற்றோடு வர வேண்டும்” என்று சொல்லியிருந்தமையால், நோன்பை முடிக்காமலே புறப்பட்டார். சர்க்கரை நோய்க்குப் பல்லாண்டுகளாக மாத்திரை உட்கொள்பவர் அவர்.

ஸ்கேன் மையத்தில் இருந்த இளைஞர், “அம்மா, மீன், இறால் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாதா?” என்று கேட்டார். என் துணைவியார் சிரித்துவிட்டு, “அவற்றைத் தொட்டதே இல்லையப்பா” என்றார். “வேறு மருந்து எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா?” “இல்லை” என்றார். ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒரு படிவத்தை என்னிடம் நீட்டினர். ‘வினாவை முழுதும் படித்த பின்னரே விடை எழுதுக’ என்று மாணவர்க்கு 34 ஆண்டுகள் ஓதிய நான், அப்படிவத்தில் ஒரு வரியையும் படிக்காமல் ஒப்பமிட்டேன்.

ஊசி செலுத்திய சில நிமிடங்களில் அவர்க்குத் தும்மல் அடுக்கடுக்காக வந்தது. உடலெங்கும் தடிப்பு எழுந்தது. குரல் கம்மிற்று, மூச்சுத் திணறிற்று, குருதி அழுத்தம் தாழ்ந்தது. அங்கிருந்த மருத்துவர் விரைந்து தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். உயிர் பிழைத்தது. ஆயினும் இடர் அத்துடன் முடியவில்லை. இரண்டாம் நாள் குருதியில் கிரியேட்டினின் அளவு உயர்ந்தது. அது பழைய நிலைக்குத் திரும்ப ஒரு வாரத்திற்கு மேல் ஆயிற்று.

மருத்துவமனையில் இருந்தபோது மூத்த மருத்துவர் ஒருவர் வந்து, “இதற்கு முன் எப்போதேனும் இந்த ஊசி போட்டதுண்டா?” என்று கேட்டார். அப்போதுதான் எங்களுக்கு நினைவு வந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகக் கல்லுக்காக நரம்பில் ஊசி செலுத்தி ஊடுகதிர்ப்படம் எடுத்தனர். அன்றும் உடலெங்கும் தடிப்பு எழுந்து, ஒரு மணி நேரத்தில் அடங்கிற்று. உடற்சூடு என்று எண்ணி மறந்துவிட்டோம். “மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று கேட்டார்களே, அப்போது ஏன் சொல்லவில்லை?” என்றார் மருத்துவர். என் துணைவியார் சொன்ன விடை இது: “அது மருந்து இல்லையே, டாக்டர்; படம் எடுக்கப் போடுகிற சாயந்தானே!”

பெரியோர்களே, என் உரையின் உயிர்நிலை இந்த ஒரு தொடரில் இருக்கிறது. ‘டை’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குச் சாயம் என்று பொருள். ஆனால் அந்த மருந்து நிறமற்றது. தெளிந்த நீர்போல் இருப்பது. எதற்கும் சாயம் ஏற்றுவது அதன் வேலை அன்று. மருத்துவ நூல்கள் அதனை ‘காண்ட்ராஸ்ட்’ என்று குறிக்கும். வேறுபடுத்திக் காட்டுவது என்பது பொருள். பெயர் பிழைபட்டமையால் எங்கள் எண்ணம் பிழைபட்டது. எண்ணம் பிழைபட்டமையால் விடையும் பிழைபட்டது.

இம்மருந்து செய்யும் பணி யாது? 1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், செருமனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில், வில்லெம் ரான்ட்கன் ஊடுகதிரைக் கண்டறிந்தார். எலும்பில் உள்ள சுண்ணாம்புச் சத்து அக்கதிரைத் தடுப்பதால் எலும்பு படத்தில் தெளிவாகத் தெரிகிறது. குருதிக் குழாய், கல்லீரல், சிறுநீரகம், குடல் ஆகிய மென்மையான உறுப்புகளோ ஒன்றற்கொன்று வேறுபாடின்றி ஒரே சாம்பல் நிறமாய்த் தோன்றும். அயோடின் அணு எடை மிகுந்தது. ஊடுகதிரை நன்கு உறிஞ்சுவது. அயோடின் கலந்த நீர்மத்தைக் குருதியில் செலுத்தினால், குருதி பாயும் இடமெல்லாம் படத்தில் வெண்மையாய்ப் பளிச்சிடும். அடைபட்ட குழாய், கசியும் காயம், கட்டியின் எல்லை ஆகியவை புலப்படும். அறுவை மருத்துவர் கத்தியைத் தொடுவதற்கு முன்பே உள்ளுறுப்பின் நிலையை அறிந்துகொள்ள இது துணை செய்கிறது.

இவ்வறிவு எளிதில் கிட்டியதன்று. 1920-களின் தொடக்கத்தில் மேகநோய்க்குச் சோடியம் அயோடைடு மருந்து பெற்ற நோயாளிகளின் சிறுநீர்ப்பை படத்தில் தெரிவதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் கண்டனர். 1929-இல் பெர்லினில் மோசஸ் சுவிக் என்னும் இளம் மருத்துவர், யூரோசெலக்டான் என்னும் அயோடின் சேர்மத்தைக் கொண்டு சிறுநீரகப் படத்தைத் தெளிவாக எடுத்துக் காட்டினார். இதே காலத்தில் தோரோட்ராஸ்ட் என்ற வேறொரு மருந்தும் புழக்கத்திற்கு வந்தது. அதில் இருந்தது தோரியம். படம் மிகத் தெளிவாக விழுந்தது. உடனடித் துன்பமும் பெரிதாக இல்லை. ஆனால் அது உடலைவிட்டு வெளியேறாமல் கல்லீரலில் தங்கிக் கதிர்வீசிக்கொண்டே இருந்தது. பல ஆண்டுகள் கழித்துப் பலர்க்குப் புற்றுநோய் தோன்றிற்று. உடலுக்குள் செலுத்தும் எதனையும், ‘படத்துக்காகத்தானே’ என்று எளிதாக எண்ணலாகாது என்பதற்கு அது சான்று. அயோடின் மருந்தோ சிறுநீரகம் நலமாக உள்ளவர்க்கு ஒரே நாளில் பெரும்பாலும் சிறுநீர் வழியே வெளியேறிவிடும்.

பழைய அயோடின் மருந்துகளுக்கு ஒரு குறை இருந்தது. அவற்றின் கரைசற் செறிவு குருதியைப் போல் ஐந்து மடங்கிற்கும் மேற்பட்டது. ஆதலால் செலுத்தும்போது எரிச்சலும் வலியும் மிகும். சுவீடன் நாட்டு மருத்துவர் டோர்ஸ்டன் ஆல்மேன், உப்புக் குறைந்த பால்டிக் கடலில் கண் திறந்து நீந்தினால் எரியாததையும், உப்பு மிகுந்த மேற்குக் கரைக் கடலில் எரிவதையும் எண்ணிப் பார்த்தார். மருந்தின் செறிவைக் குறைத்தால் உடலின் துன்பமும் குறையும் என்று கருதினார். அவர் காட்டிய வழியில் பிறந்தவையே இன்று நம் ஸ்கேன் மையங்களில் பயன்படும் புதிய வகை மருந்துகள். ஜப்பானில் 3,37,000-க்கும் மேற்பட்ட நேர்வுகளை ஆராய்ந்து 1990-இல் வெளியிட்ட ஆய்வில், கடுமையான எதிர்விளைவு பழைய வகையில் 10,000 பேரில் 22 பேர்க்கும், புதிய வகையில் 4 பேர்க்கும் நேர்ந்ததாகக் கண்டனர்.

இந்த எண்ணை நன்றாக நினைவிற் கொள்ளுங்கள். என் இல்லத்து நிகழ்ச்சியைக் கேட்டு அஞ்சி, ‘டை ஊசியே வேண்டா’ என்று யாரும் மறுத்துவிடக் கூடாது. பக்கவாதத்திலும் விபத்திலும் இந்த ஸ்கேன் உயிர் காக்கும். அத்தகைய நேரத்தில் மருத்துவர் எதற்கும் காத்திராமல் எடுக்கச் சொன்னால் உடன்பட வேண்டும். நேரம் இருக்கும்போது, அந்த 4 பேருள் ஒருவராக ஆகாமல் இருக்க நாம் செய்யத்தக்கன சில உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை வாயைத் திறந்து சொல்வதே. ஐந்து செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, முன்னர் இந்த ஊசி போட்டபோது தடிப்போ, அரிப்போ, மூச்சுத்திணறலோ வந்ததுண்டு என்றால் அதனைக் கட்டாயம் சொல்க. எத்தனை ஆண்டுகள் ஆனாலும் சொல்க. மீண்டும் வரும் என்பதற்கு எல்லாவற்றினும் வலிய அறிகுறி இதுவே. ஆஸ்துமா உள்ளவரும், வேறு மருந்துகளுக்குக் கடுமையான ஒவ்வாமை கண்டவரும் அதனையும் சேர்த்துச் சொல்க.

இங்கு ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். மீன், இறால் ஒவ்வாமைக்கும் இந்த மருந்துக்கும் தனித்த தொடர்பு இல்லை. மீனும் இறாலும் ஒவ்வாமற் போவது அவற்றில் உள்ள புரதங்களால், அயோடினால் அன்று. நாள்தோறும் நாம் உண்ணும் உப்பிலும் அயோடின் இருக்கிறதே! அந்தப் பழைய வினா இன்னும் சில இடங்களில் கேட்கப்படுகிறது. புலால் உண்ணாத நம் வீடுகளில் அவ்வினா ஒரு பொய்யான நிம்மதியைத் தந்துவிடுகிறது. மீன் தொடாதவர்க்கு இந்த இடர் வாராது என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்.

இரண்டாவது, சிறுநீரகத்தின் நிலை. மருந்து வெளியேறும் வாயில் அதுவே. கிரியேட்டினின் அளவைக் கொண்டு, சிறுநீரகம் ஒரு நிமிடத்தில் வடிகட்டும் திறனைக் கணக்கிடுவர். ஆய்வுச் சீட்டில் அது இ.ஜி.எஃப்.ஆர். என்று காணப்படும். அந்த எண் 30-க்குக் கீழே இருந்தால் மருத்துவர் மிகுந்த எச்சரிக்கை கொள்வர். அல்ட்ராசவுண்டு போன்ற வேறு வழி உண்டா என்று பார்ப்பர். ஊசி இன்றியமையாதது என்றால் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றிக் காப்பர். சர்க்கரை நோய், குருதி அழுத்தம், சிறுநீரகக் குறை உள்ளவர்கள் அண்மைக்காலத்து ஆய்வுச் சீட்டைக் கையோடு கொண்டு செல்க.

மூன்றாவது, உட்கொள்ளும் மருந்துகள். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் உட்கொள்வோர் பலர் இங்கே இருப்பீர்கள். சிறுநீரகம் நலமாக உள்ளவர் பொதுவாக அதனை நிறுத்த வேண்டியதில்லை. வடிதிறன் 30-க்குக் கீழே உள்ளவர் ஸ்கேன் வேளையில் நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சிறுநீரகத்தை ஆய்ந்த பின்னரே தொடங்க வேண்டும். தாமாக நிறுத்தவும் வேண்டா, தாமாகத் தொடங்கவும் வேண்டா, மருத்துவரைக் கேளுங்கள். வலிக்காகக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகளுட் சில சிறுநீரகத்தைத் தாக்குவன. அவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நான்காவது, தைராய்டு நோயும் தாய்மை நிலையும். நம் உடலுக்கு ஒரு நாளில் வேண்டும் அயோடின் 150 மைக்ரோகிராம். ஒரு ஸ்கேனுக்குச் செலுத்தும் 100 மில்லிலிட்டர் மருந்தில் ஏறத்தாழ 30 கிராம் அயோடின் இருக்கிறது. அதன் பெரும்பகுதி பிரியாமல் அப்படியே வெளியேறும். பிரியும் சிறு பகுதியே நம் நாள் தேவையினும் மிகுதி. ஆதலால் தைராய்டு மிகையாகச் சுரப்பவரும் கழுத்துக் கழலை உள்ளவரும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கருவுற்றிருப்போர், கருவுற்றிருக்கலாம் என்று ஐயுறுவோர் கூசாமல் அதனைச் சொல்க. பாலூட்டும் தாய்மார் அஞ்ச வேண்டியதில்லை. பாலில் கலப்பது செலுத்திய மருந்தில் நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. அதிலும் குழந்தையின் குடல் ஏற்பது நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. ஆதலால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டுவதில்லை என்பதே மருத்துவ வழிகாட்டல்.

ஐந்தாவது, நம்மவர்க்கே உரிய செய்தி: நோன்பு. உண்ணா நோன்பும், நீரும் நீத்த நோன்பும், இராவுணவு நீத்தலும் நம் இல்லங்களில் வழிவழி வருவன. அவற்றைக் குறை கூற நான் இங்கு வரவில்லை. ஆனால் உடலில் நீர் வற்றிய நிலையில் இம்மருந்து சென்றால் சிறுநீரகத்தின் சுமை மிகும். என் துணைவியார் ஒன்றரை நாள் நீரருந்தாமல் ஸ்கேனுக்குப் படுத்தார். ‘வெறும் வயிறு’ என்ற சொல்லை நாங்கள் ‘நீரும் இன்றி’ என்று கொண்டோம். பல மையங்களில் உணவை மட்டுமே சில மணி நேரம் நிறுத்தச் சொல்கின்றனர், நீர் அருந்தலாம். இன்றைய வழிகாட்டல்கள் சில, இந்த ஊசிக்கு உணவை நிறுத்துவதே தேவையில்லை என்கின்றன. சிறுநீரகம் துன்புற்றமைக்குத் தாழ்ந்த குருதி அழுத்தம் எவ்வளவு காரணம், நீர் வற்றியது எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது என்றார் மருத்துவர். ஆனால் நோன்பைப் பற்றிச் சொல்லியிருந்தால் ஸ்கேனை இரண்டு நாள் தள்ளி வைத்திருக்கலாம் என்றார். அவசரமில்லாத ஸ்கேனை நோன்பு நாளையும் அதன் மறுநாளையும் ஒட்டி வைத்துக்கொள்ளாதீர்கள். பத்து நாள் நோன்பு வரும் ஆவணி, புரட்டாசிக் காலத்தில் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ளுங்கள்.

இனி, ஸ்கேன் அறைக்குள் நிகழ்வன. மருந்து ஏறும்போது உடலெங்கும் ஒரு வெம்மை பரவும். வாயில் உலோகச் சுவை தோன்றும். சிறுநீர் பிரிந்துவிட்டது போன்ற உணர்வும் வரும். இவை இயல்பானவை, ஓரிரு நிமிடங்களில் அடங்கும். ஊசி ஏறும் இடத்தில் கடுத்த வலியோ வீக்கமோ கண்டால் மருந்து நரம்பைவிட்டு வெளியே கசியலாம். உடனே குரல் கொடுங்கள். அரிப்பு, தடிப்பு, தொடர் தும்மல், குரல் கம்முதல், மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், ‘சற்றுப் பொறுத்துப் பார்ப்போம்’ என்று எண்ணாதீர்கள். கடுமையான எதிர்விளைவுகளிற் பெரும்பாலானவை முதல் அரை மணி நேரத்திற்குள் வருவன. ஆதலால் படம் எடுத்தவுடன் பேருந்தைப் பிடிக்க ஓடாமல், அரை மணி நேரம் அங்கேயே அமர்ந்திருங்கள். வீடு திரும்பியபின் ஒரு வாரத்திற்குள் தோலில் தடிப்பு தோன்றினாலும் மருத்துவரிடம் காட்டி, அதனையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நிகழ்ச்சியின் பிற்பகுதியைச் சொல்லி முடிக்கிறேன். மறு ஆண்டு சித்திரையில் என் துணைவியார்க்கு மீண்டும் அதே ஸ்கேன் தேவைப்பட்டது. ஊசியின்றி எடுத்தால் போதாதா என்று மருத்துவர் முதலில் ஆராய்ந்தார். போதாது என்று தெளிந்தார். இம்முறை நாங்கள் எல்லாவற்றையும் எழுதி எடுத்துச் சென்றோம். முன்னர்ப் பயன்படுத்திய மருந்தின் பெயரைக் கண்டு அவர் வேறொரு மருந்தைத் தேர்ந்தார். ஒவ்வாமையை அடக்கும் மாத்திரையை ஸ்கேனுக்கு 13 மணி, 7 மணி, 1 மணி நேரத்திற்கு முன்னர் மூன்று முறை கொடுக்க வேண்டும் என்றார். காலை 8 மணி ஸ்கேனுக்கு அது முன்னாள் இரவு 7 மணி, நள்ளிரவு 1 மணி, காலை 7 மணி என்று வரும்.

என் துணைவியார் தயங்கித் தயங்கி, “டாக்டர், நான் பொழுது சாய்ந்தபின் எதுவும் வாயில் வைப்பதில்லை, உயிருக்கு ஆபத்து என்றால் நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்” என்றார். மருத்துவர் சற்று எண்ணினார். “ஆபத்து ஒன்றும் இல்லையம்மா. ஸ்கேனை மாலை 7 மணிக்கு வைத்துக்கொள்வோம். காலை 6, நண்பகல் 12, மாலை 6. மூன்று மாத்திரையும் பகலிலேயே முடிந்துவிடும்” என்றார். அந்த மாத்திரை சர்க்கரையை ஏற்றும் என்பதால் அன்று குருதிச் சர்க்கரையை அடிக்கடி பார்த்தனர். பகல் முழுதும் நீர் அருந்தினார். மாலையில் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினர். அட்ரினலின் ஊசியையும் அருகில் ஆயத்தமாக வைத்திருந்தனர். அதற்கு வேலை நேரவில்லை. அவர் இயல்பாக எழுந்து வந்தார்.

முதன்முறை அவர் சொல்லத் தவறியது இரண்டு செய்தி. அதனால் உயிர் ஊசலாடிற்று. இரண்டாம் முறை சொன்னார். நோன்பும் காக்கப்பட்டது, உடலும் காக்கப்பட்டது. நம் ஒழுக்கத்தை மருத்துவர் இகழ்வரோ என்று கூசி மறைப்பவர் நம்மில் பலர். சொன்னால்தானே வழி பிறக்கும்?

இந்த அவைக்கு ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குச் சென்றதும், குடும்பத்தில் உள்ள ஒவ்வொருவர்க்கும் ஓர் அட்டையில் எழுதுங்கள். பெயர், குருதி வகை, உள்ள நோய்கள், உட்கொள்ளும் மருந்துகள், கடைசியாகப் பார்த்த கிரியேட்டினின் அளவும் நாளும், ஒத்துக்கொள்ளாத மருந்துகள். அக்கடைசி வரியில் டை ஊசியையும் மறவாமல் சேர்த்துக்கொள்ளுங்கள். இனி ஊசி போட நேர்ந்தால் அம்மருந்தின் பெயரையும் அளவையும் கேட்டு அதில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த அட்டையைப் பணப்பையில் வையுங்கள். முதியோர் தாமே சொல்ல இயலாத வேளையில், அது அவர்க்காகப் பேசும்.

படிவம் ஆங்கிலத்தில் இருந்தால், “இதில் என்ன எழுதியிருக்கிறது?” என்று கேட்ட பின்னரே ஒப்பமிடுங்கள். எம்.ஏ. படித்த ஆசிரியன் ஒருவன் கேட்க வெட்கப்பட்டதால் விளைந்ததை இன்று நீங்கள் கேட்டீர்கள். அந்த வெட்கம் உங்களுக்கு வேண்டா.